ஆமென் சொல்ல எடுத்த நேரம்

போன வாரம், என் மகள் வேலை பார்க்கும் துணிக்கடையின் முதலாளி என்னை வரச் சொல்லி ஆளனுப்பினார். போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"ஒங்க பிள்ளைக்க காரியம் எனக்கு ஒண்ணும் பிடிகிட்டல கேட்டியளா. ஒரு நாளு பாத்தா, வாறவங்க வாயத் தொறக்கதுக்கு முன்ன துணிய எடுத்து விரிச்சுப் போடுகா. மறுநாளு பாத்தா, ஆளு முன்னால நின்னு கூப்பிட்டாலும் அப்படியே முழிச்சிட்டு நிக்கா. அவளுக்கு நினைச்சா முடியும். நினைக்க மாட்டேங்கா" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த வேலை அவளுக்கு வேண்டும். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நினைச்சா முடியும். அவள் பிறந்து பேச்சு வந்த நாளிலிருந்து இந்த ஒரு பேச்சைத்தான் எல்லாரும் என் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் சொன்னது, கோயில் சொன்னது, பெற்ற தகப்பன் சொன்னார். இப்போது துணிக்கடையும் சொல்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல வாயை மூடிக்கொள்வேன்.

இவள் எனக்கு நாற்பது வயதில், ஊர் சிரிக்கப் பிறந்தவள். கடல் ஏறி வந்து எங்கள் கரையை வாரிக்கொண்டு போன வருஷம் இவளுக்கு நாலு வயது. அதனால், இவளுடைய குணத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் "அன்னைக்குப் பயந்ததுதான்" என்றார்கள். கயிறு கட்டச் சொன்னார்கள், தலையில் எண்ணெய் மந்திரிக்கச் சொன்னார்கள். பெற்ற எனக்குத் தெரியாதா? கடல் ஏறுவதற்கு முன்பே, நடை பழகும்போதே இவள் இப்படித்தான்.

என் வேலை நெத்திலி காய வைப்பது. மணலில் பழைய வலையை விரித்து அதன்மேல் பரப்பிவிட்டால், காக்கைக்குக் காவல் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் இவளைத்தான் பனைமட்டையைக் கையில் கொடுத்து உட்கார வைப்பேன். சில நேரம், காக்கையின் நிழல் மணலில் விழும். அது இறங்குவதற்குள் இவள் மட்டை பறந்திருக்கும். வளர்ந்த ஆட்கள்கூட அப்படி எறிந்து நான் பார்த்ததில்லை. வேறு சில நேரம், காக்கை நடந்தே வரும். இவள் கால்விரலுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கொத்தும். இவள் தூங்கமாட்டாள், விளையாடவும் மாட்டாள். காக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அது தின்று முடித்துப் பறந்த பிறகு துள்ளி எழுந்து மட்டையை வீசுவாள்.

என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு நாத்தனார், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். என்னை மயினி என்பாள்; அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் காய வைக்கும் கருவாட்டைக் கொட்டாரம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது அவள்தான். எனக்குச் சந்தையில் நின்று சத்தம் போட வராது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. காக்கை போன பிறகு மகள் மட்டை வீசுவதைப் பார்த்துவிட்டு அவள் சிரிப்பாள்.

"ஏட்டி, அந்தக் காக்கா இப்ப கடியப்பட்டணம் போய்ச் சேந்து, பிள்ளையளுக்குச் சோறும் குடுத்திருக்கும். இப்பதான் அடிக்கியா?"

அவள் சிரித்தாள் என்று எனக்குக் கோபம் வந்ததில்லை. அவள் சிரித்துவிட்டு, அடுத்த தடவை தானே காக்கையை ஓட்டினாள். மற்றவர்கள் அப்படி இல்லை.

எங்கள் கரையில், பூசையில் பங்குச் சாமியார் தரும் அப்பத்தை, நற்கருணையை, பிள்ளைகள் முதன்முதலாக வாங்குவதைப் புது நன்மை என்போம். கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான் பெரிய காரியம். பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, வீட்டில் இறைச்சிச் சோறு. புது நன்மை வாங்காத பிள்ளை, கோயிலில் மற்றப் பிள்ளைகள் எழுந்து வரிசையில் போகும்போது பெஞ்சில் தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், ஊர் முழுக்கப் பார்க்கும்படி.

அதற்கு முன்னால் கேள்வி கேட்பார்கள். சாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும். மறைக்கல்விப் பாடத்திலிருந்து கேட்பார்; கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வர வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் பழக்கம். பதில் சரியா என்பதைவிடப் பட்டென்று வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். மறைக்கல்வி நடத்தும் டீச்சர் அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள். "யோசிச்சுச் சொன்னா அது யோசனை. யோசிக்காமச் சொன்னாத்தான் விசுவாசம்" என்பாள்.

அந்த டீச்சர் வேறு யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். நான் நின்றேன், அவள் படித்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள். அவள் என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளை "டீச்சர்" என்பேன். எப்போது மாறியது என்று தெரியவில்லை, மாறிவிட்டது.

என் மகள் அந்தப் பாடம் முழுவதையும் நெத்திலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே படித்தாள். நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். அப்புறம் நான் கேள்வியைப் பாதி சொல்வதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். ஒரு பதிலும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி கேட்ட அன்று நாங்கள் தாய்மார் எல்லாம் சன்னலுக்கு வெளியே நின்றோம். சாமியார் என் மகளிடம் முதலில் கேட்டது நீளமான கேள்வி. பெரிய பிள்ளைகளே தடுமாறும் பாடம். அவர் முடிக்கவில்லை, இவள் மளமளவென்று சொல்லிவிட்டாள். சாமியாருக்குச் சந்தோஷம். "கெட்டிக்காரி" என்றார். அடுத்ததாகச் சும்மா, விளையாட்டுப் போலக் கேட்டார்.

"உன்னைப் படைச்சது யாரு?"

மடியில் இருக்கும் பிள்ளைகூடச் சொல்லும். என் மகள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காக்கையைப் பார்ப்பது போலத்தான். சாமியார் இன்னொரு தடவை கேட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சொல்லுட்டி" என்று டீச்சர் அதட்டினாள். இவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. சாமியார் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கும் நேரத்தில் என் மகள் சத்தமாக, "கடவுள்!" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். "பஸ்சு போன பெறவு கை காட்டுறியே மக்கா" என்றார். அவர் வயதானவர், கெட்ட மனது இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் என் மகளும் சேர்ந்து சிரித்தாளே, எதற்கென்று தெரியாமல். அதை நான் மறக்க மாட்டேன்.

வெளியே வந்த டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, கஷ்டமானதச் சொன்னா. சுலபமானதச் சொல்லல. அப்ப இது தெரியாமயா? வேணும்னே செய்யா. சுத்தத் திமிரு. நீ அந்தக் காலத்துல வாயே தொறக்க மாட்டா. ஒனக்க மவ ஒன்னையும் தாண்டிட்டா. இந்த வருஷம் வேண்டாம், கொஞ்சம் அடங்கட்டும்."

திமிராம். ஆளைக் கண்டால் திமிர் வரும், சரி. காக்கையிடம் யாருக்கு என்ன திமிர்? இதை அவளிடம் கேட்டிருக்க வேண்டும். "சரி டீச்சர்" என்றுதான் வெளியே வந்தது.

என் வீட்டுக்காரர் கொச்சியில் ஆழ்கடல் போட்டில் போய்க்கொண்டிருந்தார். புது நன்மைக்கென்று அங்கேயிருந்து வெள்ளை வலைத்துணி உடுப்பு வாங்கி அனுப்பியிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போன வாரம் எங்கிட்டப் போன்ல எல்லாத்தையும் சொன்னாள்லா? அப்ப நினைச்சா முடியும்லா? ரெண்டு போடு, சரியாவும்." கடலில் கிடக்கும் மனுஷனிடம் என்ன பேசுவது? ஆனால் பள்ளிக்கூடத்தில் அதே நியாயத்தைச் சொல்லி நிஜமாகவே போட்டார்கள். நேற்றுச் சரியாகச் செய்த கணக்கை இன்றைக்கு விட்டால் அடி. நேற்றும் இன்றும் தப்பாகச் செய்யும் பிள்ளைக்கு அந்த அடி இல்லை. அது பாவம், அதற்கு வராது. என் பிள்ளை கெட்டிக்காரியாக இருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து அடி வாங்கினாள்.

மறுவருஷம் அவளைக் கேள்வி வரிசையிலேயே நிறுத்தவில்லை. உடுப்பு பெட்டியில் கிடந்தது.

பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்த நர்ஸ் ஒருத்திதான், இவள் கையில் பிரம்படித் தடத்தைப் பார்த்து என்னைத் தேடி வந்து விசாரித்தாள். பிள்ளைகளின் மனதுக்கென்று நாகர்கோவிலில் ஒரு டாக்டர் இருக்கிறார், கூட்டிப்போ என்று சொன்னாள். நாத்தனார்தான் கூட வந்தாள். அவள் வராவிட்டால் நான் சீட்டு எழுதும் இடத்திலேயே திரும்பியிருப்பேன்.

டாக்டர் ஒரு பெண். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளை எப்போது நடந்தது, எப்படித் தூங்கும், எதை மறக்கும், பள்ளியில் என்ன சொல்கிறார்கள் என்று. பள்ளிக்கூடத்திலும் கேட்டு எழுதி வாங்கி வரச் சொன்னார். இரண்டாம் தடவை போனபோது, மகளை ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் வட்டம் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், கட்டம் வந்தால் அமுக்கக் கூடாது. அவ்வளவுதான். நானும் நாத்தனாரும் பின்னால் இருந்து பார்த்தோம். வட்டம் வரும், டக்கென்று அமுக்குவாள். வட்டம் வரும், டக். வட்டம் வரும், விரல் பொத்தான்மேல் இருக்கும், கண் திரையில் இருக்கும், அமுங்காது. வட்டம் மறைந்து போகும். அப்புறம் டக்.

நாத்தனார் என் காதில், "மயினி, காக்கா!" என்றாள். அவளுக்கு அது மெதுவாகச் சொல்வது. அந்த அறைக்கே கேட்டது.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். ஒவ்வொரு தடவை அமுக்க எடுத்த நேரமும் அதில் கோடாக ஏறி இறங்கியிருந்தது. "இந்தப் பெட்டிய மட்டும் வச்சு நான் சொல்லல. நீங்க சொன்னது, பள்ளிக்கூடத்துல எழுதினது எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்லுகேன். இவளுக்குக் கவனக் குறைபாடு இருக்கு. இதப் பாருங்க, இங்க மத்த பிள்ளையள விட வேகம். இங்க ரொம்பத் தாமசம். எல்லாத்தையும் கூட்டி வகுத்துப் பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா ஒண்ணு போல இன்னொண்ணு இல்ல. அடுத்தது வேகமா வருமா, தாமசமா வருமான்னு..." என்று நிறுத்தினார். "அவளுக்கே தெரியாதும்மா."

"அப்ப நேத்து செஞ்சத இன்னைக்குச் செய்யலன்னா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"அதுதான் இந்தக் குறைபாடே. திமிரு இல்ல, சோம்பலும் இல்ல."

மருந்து உண்டு, சிலருக்கு நன்றாக உதவும், பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், அதோடு வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அவளுக்கே தெரியாது. அவளுக்கே தெரியாத ஒன்றுக்கு அவள் கையில் தடம் விழ விழ அடித்திருக்கிறார்கள். கடவுளின் பேரைச் சொல்லி அவளைப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நிம்மதி வரும் என்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்றுவரை அணையவில்லை.

அதற்குள் எங்கள் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். இளவயது. புது நன்மை கேட்டு நாங்கள் போவதற்கு முன்பே, பிள்ளையை டாக்டரிடம் காட்டியதை டீச்சர் அவரிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் போனபோது அவளும் இருந்தாள். சாமியார் அன்பாகத்தான் பேசினார்.

"கவலைப்படாதீங்க. புத்தி கொறஞ்ச பிள்ளையளுக்குக் கேள்வி கேக்காமலே குடுக்க வழி இருக்கு. அந்த வரிசையில இவளையும் சேத்திரலாம்."

டீச்சர் தலையாட்டினாள். "அதுதான் நல்லது சாமி. நமக்கும் தொந்தரவு இல்ல."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம், அவள் திமிர் என்று சொன்னபோதுகூட வரவில்லை. இரண்டு வருஷம் தெரிந்தும் சொல்லாதவள் என்றார்கள். இப்போது ஒன்றுமே தெரியாதவள் என்கிறார்கள். பாடம் முழுக்கத் தெரிந்த பிள்ளையைக் கேள்வி கேட்காமல் தள்ளிவிடுவார்களாம், அதற்கு நான் கையெடுத்துக் கும்பிட வேண்டுமாம். நான் நாத்தனாரின் காதில் சொன்னேன். அவள் அதைச் சந்தைக் குரலில் சொன்னாள்.

"சாமி, எங்க மயினி சொல்லுகா, பிள்ளைக்கு எல்லாம் தெரியுமாம். கேக்கணுமாம்."

"கேட்டுப் பதில் வரலன்னா பிள்ளைக்குத்தானே வெக்கம்?" என்றார் சாமியார்.

மறுபடியும் நான் காதில் சொன்னேன்.

"கேட்டுட்டு சும்மா இருக்கணுமாம் சாமி. ரெண்டாந்தடவை கேக்கப்பிடாதாம். அதட்டப்பிடாதாம். அடுத்த பிள்ளைக்குப் போவப்பிடாதாம். பொறுக்கணுமாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் சொந்தக் கணக்கில், "மீனுக்குத் தூண்டி போட்டுட்டு நாங்க இருக்கோம்லா, அதுமாதிரி" என்றும் சேர்த்தாள்.

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று அங்கேயே மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். முதல் கேள்வி கேட்டார். சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றியது. டீச்சர் வாயைத் திறந்தாள். சாமியார் கையைக் காட்டித் தடுத்தார். நான் என் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதில் வந்தது. முழுதாக, ஒரு சொல் பிசகாமல் வந்தது. அடுத்த கேள்வியை அவர் பாதி சொல்வதற்குள் பதில் வந்துவிட்டது. மூன்றாவதற்கு மறுபடியும் காத்திருந்தார். இப்படியே ஏறியும் இறங்கியும் எல்லாக் கேள்விக்கும் சொன்னாள்.

"எல்லாம் சரி. டீச்சர், வரிசையில சேருங்க. எல்லாப் பிள்ளையளுக்க கூட" என்றார் சாமியார். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை.

கொச்சி உடுப்பு குட்டையாகிவிட்டது. கீழே சரிகைத் துணி வைத்து இறக்கினேன். அன்று கோயிலில் பிள்ளைகள் மெழுகுதிரியோடு நடுவழியில் வந்தார்கள். நான் பெண்கள் பக்கம் முன்வரிசை ஓரத்தில் இருந்தேன். நாத்தனார் பின்னால் எங்கேயோ நெரிசலில் நின்றாள். சாமியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பத்தைத் தூக்கிக் காட்டி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்பார். பிள்ளை "ஆமென்" என்று சொல்லி வாங்க வேண்டும். டீச்சர் பக்கத்தில் நின்று வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

என் மகள் முறை வந்தது.

"கிறிஸ்துவின் திருவுடல்."

இவள் அப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வெள்ளையை, அதைப் பிடித்திருந்த விரலை. எனக்கு அந்தப் பார்வை தெரியும். வரும், இப்போது வரும், யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். சாமியார் பொறுத்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் கற்றுக்கொண்டார். பாட்டு முடிந்து கோயில் அமைதியாகிவிட்டது. பின்னால் கசகசவென்று பேச்சுக் கிளம்பியது. அப்போது டீச்சர் குனிந்து, வெள்ளை உடுப்புக்கு மேலே பிள்ளையின் தோளைப் பிடித்துக் கிள்ளினாள். "சொல்லுட்டி" என்றாள்.

நான் எப்படி எழுந்தேன், எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. அவள் கைமணிக்கட்டைப் பிடித்தேன்.

"கையை எடுட்டி!"

சாமியார் உடுப்பில் மைக் குத்தியிருந்ததை நான் யோசிக்கவில்லை. என் குரல் கோயிலுக்குள்ளும், வெளியே கொடிமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலும், அங்கேயிருந்து கடற்கரை வரைக்கும் போனது. தெருவில் நாலு வீடு கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் என் பேரைக் கேட்டாலே சேலைத் தலைப்பால் வாயை மூடுகிறவள் நான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் கையை எடுத்தாள்.

"ஆமென்!" என்றாள் என் மகள். அதுவும் குழாயில் போனது. சாமியார் அவள் நாவில் நன்மையை வைத்தார்.

வீட்டில் இறைச்சிச் சோறு தின்றவர்கள் எல்லாரும் பேசியது என் சத்தத்தைப் பற்றித்தான். கோயிலுக்குள் நற்கருணைக்கு முன்னால் இப்படிக் கத்தலாமா என்று. அன்று கிள்ளிய கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிள்ளையின் தோளில் நகம் பதிந்திருந்ததை நான்தான் பார்த்தேன், உடுப்பைக் கழற்றும்போது. நாத்தனார் மட்டும், "மயினி, நாளையிலேருந்து சந்தைக்கு நீ போ, கருவாட்டை நான் காய வைக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். அது பாவம் இல்லை.

துணிக்கடைக்காரரிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தேனே, அதுதான் உறுத்துகிறது. இதை எழுதி முடித்ததும் மறுபடியும் போகப் போகிறேன். நாத்தனாரைக் கூட்டிப்போகப் போவதில்லை. பிள்ளையைக் கூப்பிட்டால் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், அதட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அவர் என்னை உட்காரச் சொல்ல வேண்டாம். நின்றுகொண்டே சொல்வேன்.